மூட்டையோடு தடம் மாறுதல்: சென்ட்ரல் மெட்ரோ நிலையம்

சென்னை மெட்ரோவின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் இரண்டே இடங்களில்தான் சந்திக்கின்றன. ஒன்று ஆலந்தூர், தூண்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்ட, காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புழங்கும் நிலையம். மற்றொன்று சென்ட்ரல், முழுக்க நிலத்துக்கு அடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இடைவிடாத வாகன ஓட்டத்துக்குக் கீழே அமைந்திருப்பது. இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மெட்ரோ வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு மெட்ரோ வண்டி ஏறுபவருக்கு இந்த நிலையம் நன்றாகவே உதவுகிறது. ஆனால் சென்ட்ரலில் வண்டி மாறுகிறவர் என்றால் அவர் கைவீசி நடக்கும் அலுவலகப் பயணி மட்டும் அல்லர்; வெளியூர் ரயிலிலிருந்து பெட்டி, படுக்கை, பிள்ளைகள், பெரியவர்கள் சகிதமாக வருகிறவரும்தான். அந்த இரண்டாமவரை வைத்துப் பார்க்கும்போது நிலையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் குறைகிறது.

நிலையத்தின் வயது அதிகம் இல்லை. பச்சை வழித்தடம் 2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அப்போது இது ஒரு கடைசி நிறுத்தம் மட்டுமே. அண்ணா சாலையில் உள்ள ஏ.ஜி.-டி.எம்.எஸ்.ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான நீல வழித்தடப் பகுதி 2019 பிப்ரவரி 10 அன்று திறக்கப்பட்ட பிறகுதான் இது உண்மையான பரிமாற்ற நிலையமாயிற்று. 2021 பிப்ரவரி 14 அன்று நீல வழித்தடம் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டதும் இதன் முக்கியத்துவம் இன்னும் கூடியது. அதுவரை ஏறத்தாழ நகரத்தின் மையத்தோடு நின்றிருந்த மெட்ரோவுக்குத் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தன. வடசென்னையிலிருந்து அண்ணா நகர், வடபழனி போக வேண்டியவர்கள் அனைவரும் வண்டி மாறும் இடம் இதுவாகவே ஆகிவிட்டது.

அளவில் இது சென்னையின் மிகப் பெரிய மெட்ரோ நிலையம். பரப்பு சுமார் 70,000 சதுர மீட்டர் என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணைக் காட்டிலும், பயணச்சீட்டு வாங்கும் தளத்தில் ஒரு முனையில் நின்று மறுமுனையைத் தேடும்போதுதான் அதன் பொருள் விளங்கும். தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கலாம். இரண்டு வழித்தடங்களின் நடைமேடைகளும் இதற்குக் கீழே, ஒன்றன் அடியில் ஒன்றாக இரண்டு தளங்களில் உள்ளன. ஆகவே இங்கே வண்டி மாறுவது என்பது பக்கவாட்டில் நடப்பதைவிட, மேலும் கீழுமாக இறங்கி ஏறுவதே. இது நல்ல அமைப்பு. உலகின் பல நகரங்களில் பரிமாற்ற நிலையம் என்ற பெயரில் பயணியை நீண்ட சுரங்க நடைபாதைகளில் கால்கடுக்க நடக்க விடுகிறார்கள். இங்கே நகரும் படிக்கட்டில் நின்றால் அது கொண்டுபோய் அடுத்த வழித்தடத்தில் விட்டுவிடும். வழியில் பயணச்சீட்டுக் கதவைத் தாண்டி வெளியே போய் மறுபடி உள்ளே வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரே பயணச்சீட்டு, ஒரே வளாகம். உடல் நலத்தோடு, தோளில் ஒரு பை மட்டும் உள்ள ஒருவருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

நடைமேடைகளில் தண்டவாளத்தை மறைத்து நிற்கும் கண்ணாடித் தடுப்புக் கதவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி வந்து நின்ற பிறகு வண்டியின் கதவும் தடுப்பின் கதவும் சேர்ந்து திறக்கின்றன. தண்டவாளத்தில் எவரும் விழ வாய்ப்பில்லை என்பது வெளிப்படையான நன்மை. குளிரூட்டிய காற்று சுரங்கத்துக்குள் ஓடிப்போகாமல் நிற்பது இன்னொரு நன்மை. சித்திரை வெயிலில் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலிலிருந்து இந்தத் தளத்துக்கு இறங்குகிறவர் முகத்தில் தெரியும் நிம்மதிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் தடுப்புக் கதவுகளால் ஒரு சிறு குழப்பமும் உண்டு. நடைமேடை ஆறு பெட்டிகள் கொண்ட வண்டிக்கான நீளத்தில் அமைந்திருக்க, இப்போது ஓடுபவை நான்கு பெட்டி வண்டிகள். புதிதாக வருபவர் கூட்டத்திலிருந்து விலகி நிற்பதாக நினைத்துக் கடைசி ஓரத்துக்குப் போய்விட்டால், வண்டி வந்து நிற்கும்போது தம் எதிரே வெறும் கண்ணாடியைக் கண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடவேண்டியிருக்கும். நாள்தோறும் வருகிறவர்கள் எந்தக் கதவின் எதிரே நின்றால் இறங்குமிடத்தில் நகரும் படிக்கட்டு நேரே வரும் என்பது வரை கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பச்சை வழித்தடம் இங்கேயே முடிவதால் அதில் ஏறுகிறவர்களுக்கு ஒரு தனிச் சலுகை கிடைக்கிறது. பரங்கிமலையிலிருந்து வரும் வண்டி இங்கே முற்றிலும் காலியாகிறது. காத்திருப்பவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கிறது. மாலை நேரத்தில் நீல வழித்தட வண்டியில் நசுங்கி வந்தவர் இங்கே பச்சைக்கு மாறி, கோயம்பேடு வரை உட்கார்ந்தே போகலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இறங்குகிறவர்கள் முழுதாக இறங்கும் முன்னே இடம் பிடிக்கும் ஆவலில் ஏறுகிறவர்கள் உள்ளே நுழைவது இங்கே அன்றாடக் காட்சி. கதவின் இருபுறமும் ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்களுக்கு நடுவே வழிவிடும் வழக்கம் மற்ற நிலையங்களில் ஓரளவு வந்துவிட்டது. கடைசி நிலையமான இங்கே அது அடிக்கடி தோற்றுப்போகிறது. மாநகரப் பேருந்தின் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய ஊர் இது. கண்ணாடிக் கதவு வந்துவிட்டதால் மட்டும் அந்தப் பழக்கம் போய்விடுமா என்ன!

நீல வழித்தடத்தில் தெற்கிலிருந்து வருகிறவர் பச்சை வழித்தடத்தில் உள்ள ஓர் இடத்துக்குப் போகவேண்டுமானால் ஆலந்தூரில் மாறுவதா, சென்ட்ரலில் மாறுவதா என்ற கேள்வி வரும். இரு வழித்தடங்களும் ஆலந்தூரில் பிரிந்து சென்ட்ரலில் மீண்டும் கூடுவதால் நடுவே ஒரு பெரிய வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தில் நீலப் பாதை குறுகியது: கிண்டியிலிருந்து அரசினர் தோட்டம் வரை இடையே ஒன்பது நிலையங்கள்தாம். பச்சைப் பாதை வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், அண்ணா நகர் என்று மேற்கே சுற்றி வருவதால் இடையே பதினான்கு நிலையங்கள். இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், விமான நிலையத்திலிருந்து எழும்பூர் போகிறவர் ஆலந்தூரில் இறங்காமல் சென்ட்ரல் வரை வந்து, பச்சைக்கு மாறி ஒரே ஒரு நிலையம் திரும்பிப் போவதே நல்லது. நேரு பூங்காவுக்கும் சென்ட்ரல் வழியே நிறுத்தங்கள் ஒன்று குறைவு. கீழ்ப்பாக்கத்தில் கணக்கு மாறி ஆலந்தூர் வழி ஒன்று குறைவாகிறது. பச்சையப்பன் கல்லூரியும் ஷெனாய் நகரும் அதற்கு அப்பாலும் உள்ளவை ஆலந்தூரில் மாறுவோருக்கே உரியவை. எழும்பூரில் இரவு ரயிலைப் பிடிக்க விமான நிலையத்திலிருந்து வரும் வெளியூர்க்காரர்கள் பலர், வரைபடத்தில் முதலில் கண்ணில் படும் சந்திப்பு ஆலந்தூர் என்பதால் அங்கேயே இறங்கி, நகரத்தின் மேற்குப் பகுதியை முழுதும் சுற்றிவிட்டு எழும்பூர் சேர்கிறார்கள்.

எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையிலான இந்த ஒற்றை நிறுத்தப் பயணத்தைத்தான் இந்த நிலையத்தின் மிகப் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன். சென்னைக்கு வரும் நெடுந்தூர ரயில்கள் இரண்டு பெரிய நிலையங்களுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன. ஆந்திரம், வடமாநிலங்கள், பெங்களூரு, கோவைப் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வருகின்றன. மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்து புறப்படுகின்றன. விஜயவாடாவிலிருந்து வந்து மதுரைக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம், இந்தச் சிறு தூரத்துக்கு ஆட்டோக்காரரோடு பேரம் பேசி, நெரிசலில் சிக்கி, அடுத்த வண்டி போய்விடுமோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போன காலம் அதிக தொலைவில் இல்லை. இப்போது அந்தத் தூரம் ஒரு நிறுத்தம். அதுவும் சாலை நெரிசல் தொட முடியாத ஒரு நிறுத்தம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கறுப்பு வேட்டியும் தலையில் இருமுடியுமாக வரும் ஆந்திரத்து ஐயப்ப பக்தர்களும், மற்ற மாதங்களில் திருப்பதி வண்டியிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கும் குடும்பங்களும் பச்சை வழித்தட நடைமேடையில் நிற்பதைக் காணும்போது, இந்த இணைப்பின் பயன் யாருக்கு என்பது புரியும்.

அதே குடும்பங்களைக் கொண்டுதான் நிலையத்தின் குறையையும் சொல்லவேண்டியிருக்கிறது. சென்ட்ரல் ரயிலின் நடைமேடையிலிருந்து மெட்ரோ வண்டியின் கதவு வரை அவர்கள் கடக்கும் வழியை எண்ணிப் பாருங்கள். ரயில் நிலையத்தின் நீளமான நடைமேடையைக் கடந்து முகப்புக்கு வரவேண்டும், வெளியே வந்து மெட்ரோ நுழைவாயிலை அடையவேண்டும், கீழே இறங்கவேண்டும், பைகளை எல்லாம் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுக்கவேண்டும், பயணச்சீட்டு வாங்கவேண்டும், ஒடுக்கமான தானியங்கிக் கதவு வழியே மூட்டையையும் குழந்தையையும் சேர்த்து நுழைக்கவேண்டும், அதன் பிறகு நடைமேடைத் தளத்துக்கு இன்னும் கீழே இறங்கவேண்டும். ஆட்டோ என்றால் இந்தப் படிகளில் பெரும்பாலானவை இல்லை, காசுதான் அதிகம். நகரும் படிக்கட்டில் முதன்முறை கால் வைக்கும் ஒரு பாட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் பேத்தியையும் மறு கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியையும் பிடித்தபடி, படி நகர்வதைப் பார்த்துத் தயங்கி நின்றால், பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பின்னால் நிற்பவர்களில் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “பாட்டி, கம்பியப் புடிச்சிட்டு கால வைங்க” என்று ஏற்றிவிடுவதும் இங்கே சகஜம். ஆனால் அப்படி ஒருவர் அமைவதை நம்பி ஒரு நிலையத்தை நடத்த முடியாது.

மின்தூக்கிகள் இருக்கின்றன. ஆனால் மின்தூக்கி என்பது ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே கொண்டுபோகக்கூடியது. ஒரு நெடுந்தூர ரயிலிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்குகிறார்கள். சக்கர நாற்காலிக்காரருக்கும் முதியவருக்கும் உரிய மின்தூக்கியின் வாசலில் பெரிய பெட்டி வைத்திருக்கும் இளைஞர்களும் நிற்பதைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கும் வேறு வழி இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய பக்கத்திலாவது, மூட்டையோடு வருவோரை மனத்தில் வைத்து, சரிவுப் பாதைகளும் கூடுதல் மின்தூக்கிகளும் அகலமான நுழைவுக் கதவுகளும் பெருக வேண்டும் என்பதே என் விருப்பம். அலுவலக நேரத்து நெரிசலைத் தாங்கும் கொள்ளளவு இங்கே கண்கூடு. மூட்டை முடிச்சுக்கும் அதே அளவு கணக்கு தேவை.

பயண நேரமும் இதோடு சேர்ந்த செய்தி. மெட்ரோ காலை சுமார் 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை ஓடுகிறது. நகரவாசிக்கு இது போதும். ஆனால் வெளியூரிலிருந்து வரும் இரவு வண்டிகள் சில சென்ட்ரலுக்கு வந்து சேர்வது விடியற்காலையில். வண்டி தாமதமானால் மெட்ரோ கிடைக்கும், முன்கூட்டியே வந்துவிட்டால் காத்திருக்கவேண்டும் என்பது வேடிக்கையான நிலை. இரவில் தாமதமாக வரும் வண்டிகளின் பயணிகளுக்கோ கடைசி மெட்ரோ போயிருக்கும். பராமரிப்புக்கு இரவில் சில மணி நேரம் தண்டவாளம் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் நகரத்தின் மிகப் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் மெட்ரோவின் கால அட்டவணை, அந்த ரயில் நிலையத்தின் கால அட்டவணையைக் கொஞ்சமாவது கேட்டு நடந்தால் நன்றாக இருக்கும்.

பெரிய ரயில் மட்டும் இல்லை. இந்த இடத்தைச் சுற்றி இன்னும் மூன்று ரயில் சேவைகள் உள்ளன. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. சாலையின் எதிர்ப்புறம் உள்ள பூங்கா நிலையத்தில் கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில்கள் நிற்கின்றன. அதற்குச் சற்றுத் தள்ளிப் பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில். இவற்றுக்கு இடையே பூந்தமல்லி நெடுஞ்சாலை அகலமாக ஓடுகிறது. முன்பெல்லாம் மின்சார ரயிலிலிருந்து இறங்கிச் சென்ட்ரலுக்கு ஓடுகிறவர்கள் வாகனங்களுக்கு நடுவே கையைக் காட்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பது வழக்கம். மெட்ரோவோடு இணைந்த சுரங்கப் பாதைகள் அந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. மெட்ரோவில் ஏறாதவர்களுக்கும் பயன்படும் வசதி இது என்பதால் தனியே பாராட்டத் தக்கது. ரிப்பன் மாளிகைப் பக்கம் போகிறவர்கள், பூங்கா நிலையத்துக்குப் போகிறவர்கள், அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வெயிலும் மழையும் படாமல் சாலையின் அடியில் கடக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி.எச். என்று ஊரே அழைக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எதிரே இருப்பதால், பிற்பகலில் இந்த நிலையத்தில் கையில் பெரிய எக்ஸ்ரே உறையோடு நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலர் தடம் மாறுவதற்காக வந்தவர்கள் அல்லர். ஆனால் மெதுவாக நடக்கிறவர்கள், நின்று மூச்சு வாங்குகிறவர்கள், உட்கார இடம் தேடுகிறவர்கள். நடைபாதைகளில் உட்காரும் இருக்கைகள் இன்னும் பல மடங்கு பெருகினால்தான் இவர்களுக்குப் போதும். இத்தனை பெரிய பரப்பில் அதற்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

பயணச்சீட்டு முறையில் மெட்ரோ தன்னளவில் எளிமையானது. 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50 ரூபாய். 2021 தொடக்கத்தில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது நினைவிருக்கலாம். கைப்பேசியில் கியூ.ஆர். சீட்டு எடுத்தாலோ பயண அட்டையில் போனாலோ 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. வாட்ஸ்அப் வழியாகவும் சீட்டு எடுக்கலாம். இதனால் சீட்டு வாங்கும் வரிசை சுருங்கியது. ஆனால் வரிசை தானியங்கிக் கதவுக்கு இடம் பெயர்ந்தது. கதவின் முன்னே வந்து நின்ற பிறகுதான் சிலர் கைப்பேசியை எடுக்கிறார்கள், பூட்டைத் திறக்கிறார்கள், சீட்டு எங்கே வந்தது என்று தேடுகிறார்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். அதற்குள் பின்னால் நிற்பவரின் வண்டி கீழே கதவைச் சாத்திவிடுகிறது. அட்டை வைத்திருப்பதே இங்கே விவேகம். மற்றபடி, மெட்ரோவிலிருந்து இறங்கி மின்சார ரயில் ஏறுகிறவர் தனியே இன்னொரு சீட்டு எடுத்துக்கொண்டிருந்த நிலைமை மாறத் தொடங்கியுள்ளது: பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் ‘சென்னை ஒன்று’ 2025 செப்டம்பரில் வந்தது. அதன் பயனை வேறு எங்கும்விட இந்த இடத்தில்தான் அதிகம் உணரலாம்.

எழும்பூர் வரை மட்டும் போகிறவருக்கு ஒரு சிறு யோசனை: சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினாலும் எழும்பூர் அடுத்த நிறுத்தம்தான், கட்டணமும் மெட்ரோவைவிடக் குறைவு. கையில் சுமை இல்லாதபோது அது மோசமான தேர்வு அன்று. ஆனால் நெரிசல் நேரத்தில் மின்சார ரயிலில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முயன்றவர், மெட்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் ரூபாய்களுக்காக வருத்தப்பட மாட்டார். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போகிறவர் நிலை வேறு. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறிய பிறகு, பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு போவதில் அவர்களுக்குப் பயன் இல்லை. பூங்கா நிலையத்திலிருந்து தாம்பரம் மார்க்க மின்சார ரயிலைப் பிடிப்பதே வழி. பழைய நினைவில் இன்றும் பச்சை வண்டியில் ஏறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழிகாட்டிப் பலகைகளில் எழுத்து தெளிவு. தமிழும் ஆங்கிலமும் ஒழுங்காக உள்ளன. ஆனால் நிலையத்தின் முழுப்பெயர் நீளமானது. 2020-இல் ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல்’ என்று பெயர் சூட்டப்பட்டது. எதிரே உள்ள ரயில் நிலையத்துக்கும் அதற்கு முந்தைய ஆண்டு அதே தலைவரின் பெயர். வெளியூர்ப் பயணி ஒருவர் தம் சீட்டில் இருக்கும் பெயரைக் காட்டி “இது எங்கே?” என்று கேட்டால், ரயில் நிலையத்தைக் கேட்கிறாரா, மெட்ரோவைக் கேட்கிறாரா என்று பதில் சொல்பவர் மறுபடி கேட்கவேண்டியிருக்கிறது. பலகைகளில் வண்ணத்துக்கும் அம்புக்குறிக்கும் இன்னும் அதிக இடம் கொடுத்து, ‘பெரிய ரயில்’, ‘மின்சார ரயில்’, ‘பறக்கும் ரயில்’, ‘மருத்துவமனை’ என்று மக்கள் சொல்லும் பெயர்களையே ஒவ்வொரு திருப்பத்திலும் எழுதி வைத்தால், பாதிப் பேர் பாதுகாவலரிடம் வழி கேட்க வேண்டியிராது. தவறான வாயிலில் மேலே ஏறிவிட்டால் இந்த நிலையத்தில் அதன் விலை அதிகம். நெடுஞ்சாலையின் தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், மறுபடி கீழே இறங்கியாக வேண்டும்.

சுத்தம் பற்றிக் குறை இல்லை. கழிப்பறைகள் அருகிலுள்ள எந்த ரயில் நிலையத்தையும்விட மேல். மகளிருக்கு வண்டியில் தனிப் பெட்டி உண்டு; 2020-இல் கூடுதல் கட்டணச் சிறப்பு வகுப்பை எடுத்துவிட்டு அதை மகளிருக்குக் கொடுத்தது நல்ல முடிவு. இரவு பத்து மணிக்குத் தனியே தடம் மாறும் பெண்கள் இந்தத் தளங்களில் தயக்கமின்றி நடப்பதைப் பார்க்கிறேன். மேலே, சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில், அதே நேரத்தில் அந்த நிம்மதி அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

சென்ட்ரலில் இரவு ரயில் ஏறுவதற்காக மெட்ரோவில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெட்ரோ வண்டி நிலையத்தை அடையும் நேரத்தை ரயிலைப் பிடிக்கும் நேரமாக எண்ணிவிட வேண்டாம். நடைமேடையிலிருந்து மேலே வந்து, சரியான வாயிலைக் கண்டுபிடித்து, ரயில் நிலைய முகப்பைக் கடந்து, உங்கள் பெட்டி நிற்கும் இடம் வரை நடக்க, கையில் சுமை இருந்தால் இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் மின்தூக்கிக்காக நிற்கும் நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.